முதல் சத்தம் என்னுடையதாம்

எனக்குக் குரலே இல்லை என்று சொன்னால் அது பொய். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லியிருக்கிறேன். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தும்போது ஒருத்தி உதட்டை மட்டும் அசைத்தால் வாத்தியாருக்கா தெரியப்போகிறது? ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குள் கணக்கு வந்ததோ இல்லையோ, இந்த வித்தை நன்றாக வந்துவிட்டது.

கல்யாணமாகி தர்மபுரிப் பக்கத்திலிருந்து மத்திகிரிக்கு வந்தேன். எட்டு வீட்டு லைன். எட்டிலும் கம்பெனி ஆட்கள். கதவுக் கொண்டியில் ஈரத்துண்டு தொங்கினால் உள்ளே நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். எட்டுக் கதவில் ஒன்றிலாவது துண்டு தொங்காத பகல் கிடையாது. அதனால் பகல் முழுக்க லைனே மூச்சுப் பேச்சில்லாமல் இருக்கும். குக்கர் விசில் அடிக்குமே என்று நாங்கள் எல்லாரும் சோற்றை வடித்தே தின்றோம். கீரைக்காரர் எங்கள் சந்துக்குள் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டு வண்டிப் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். குழாயடிச் சண்டைகூட ரகசியமாகத்தான் நடக்கும். "உன் குடத்த எடுடி" என்பதைக் காதோடு காதாகச் சொல்வோம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பெண்கள் ஏதோ உயிர்ச் சிநேகிதிகள் மாதிரித் தெரியும்.

மற்றப் பெண்களுக்கெல்லாம் இது கஷ்டமாக இருந்தது. எனக்குச் சொர்க்கம். பயந்த சுபாவக்காரிக்கு இதைவிட நல்ல ஊர் வாய்க்குமா?

என் வீட்டுக்காரர் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகடு வைத்தால் ஒரே அடியில் கதவாகவோ மூடியாகவோ ஆக்குகிற மிஷின். அந்த அடிச் சத்தத்தில் அங்கே யாரும் காதால் கேட்டுப் பேசுவதில்லை, வாயைப் பார்த்துத்தான் பேச்சு. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் என் வாயையே பார்ப்பார். நான் முணுமுணுத்தாலும் புரிந்துகொள்வார். முப்பது வருஷம் அப்படியே ஓடியது. அவர் ரிட்டயர் ஆன பிறகுதான் அவருக்குக் காது போய்விட்டது என்பதே வெளியே தெரிந்தது. மகள் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, அப்பாவுக்கு இவ்வளவு கேக்காமப் போயிருக்கு, கூடவே இருந்து உனக்குத் தெரியலையா?" என்று என்னைத் திட்டினாள். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் சத்தமே போட்டதில்லையே.

மகள் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தார். எல்லாரும் கண்ணை மூடி அமைதியாக ஜெபம் பண்ணும்போது அது "கீ...ங்" என்று விசில் அடித்தது. மொத்த சபையும் திரும்பியது. மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பைக்குள்ளிருந்தும் விசில் அடித்தது. யாரோ சிரித்தார்கள். இவர் எழுந்து வெளியே போனவர்தான், இரண்டு வருஷமாகச் சபைப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றில்லை. டீக்கடைக்குப் போகிறதை விட்டார், சேர்ந்து வேலை பார்த்தவர்கள் வந்தால் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டார். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற கம்பெனி பஸ்களைப் பார்ப்பார். வாங்க என்று நான் எத்தனையோ முறை கூப்பிட்டேன். என் கூப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் பாஸ்டர் அந்த வார்த்தையைக் கொண்டுவந்தார்.

புதன்கிழமை பெண்கள் கூட்டம். பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நன்றாகப் படித்தவர். எபிரெய பாஷையில் தெரூவா என்று ஒரு வார்த்தை இருக்கிறதாம். நம்முடைய வேதத்தில் அதை ஒரு இடத்தில் ஆர்ப்பரிப்பு என்றும் இன்னொரு இடத்தில் கெம்பீர சத்தம் என்றும் போட்டிருக்கிறார்கள், வேறோர் இடத்தில் எக்காளம் ஊதுகிறதாகவும் வருகிறது, மூலத்தில் எல்லாம் ஒன்றுதான் என்றார். யுத்தத்துக்குப் போகிறவன் போடுவதும் தெரூவா, ராஜாவைக் கண்டு சந்தோஷத்தில் ஜனங்கள் போடுவதும் தெரூவா. எரிகோ மதிலைச் சுற்றி வந்து சத்தத்தாலேயே அதை விழவைத்தவர்கள் போட்டதும் அதுதான்.

"கொம்பு ஊதும்போதும் இதே வார்த்தைதான் பாத்துக்கிடுங்க. நீளமா ஒரே ஊதலா ஊதுறது கிடையாது. உடைஞ்சு உடைஞ்சு, விக்கி விக்கி வரும். ஒருத்தன் தேம்பி அழுதா எப்படி இருக்கும்? அப்படின்னு யூதப் பெரியவங்க சொல்லுதாங்க."

பிறகு ஒரு கதை சொன்னார். இடிந்த ஆலயத்துக்குத் திரும்ப அஸ்திபாரம் போட்டபோது, பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த கிழவர்கள் ஓவென்று அழுதார்களாம். மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்களாம். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று யாராலும் பிரிக்க முடியவில்லையாம். நல்ல கதை என்று ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது என் தலையில்தான் விடியப்போகிறது என்று தெரியாமல்.

கெலமங்கலம் ரோட்டில் எங்கள் சபைக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது. அதில் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மூலைக்கல் வைக்கிறார்கள். "கல்லு வச்சதும் நாமளும் தெரூவா போடணும். சபையிலேயே மூத்த தாயார் முதல் சத்தம் குடுக்கணும், பின்னால எல்லாரும் சேர்ந்துக்கிடுவோம்" என்றார் பாஸ்டர். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் குரல் வேண்டுமே! தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ, பாஸ்டர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மதுரைக்காரி என்னோடு சபைக்கு வருகிறவள். வாய் உள்ளவள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தாள்.

"யக்கா, நீ சத்தம் குடுத்து மதில் விழுறதா இருந்தா, எரிகோ இன்னும் நின்னுக்கிட்டுல்ல இருக்கும்."

"நீ போய் பாஸ்டர்ட்ட ஒண்ணு கேளேன். அந்தக் கிழவங்க அழுதாங்கல்ல, நானும் அழுதா போதுமான்னு கேளு."

அவள் போய்க் கேட்டாள். "அழுகை தானா வரணும். சத்தம் நாமதான் குடுக்கணும்" என்று பதில் வந்தது.

எப்படியாவது தப்பிக்க வழி இருக்குமா என்று வேதத்தைத் திறந்து விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். கெம்பீரம் என்று எங்கெங்கே வருகிறது, யார் யார் போட்டார்கள் என்று பார்த்தேன். சேனை போட்டிருக்கிறது. ஆலய ஊழியம் பார்க்கிற லேவியர் போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் மலைகள்கூடக் கெம்பீரிக்கின்றன. மலைக்கே வாய் வந்திருக்கிறது, எனக்குத்தான் பாக்கி. பாஸ்டரிடம் இதைச் சொல்லி அனுப்பினால், "அந்த மலை வர்ற இடத்துல மூலத்துல வேற வார்த்தைம்மா" என்று திருத்தி அனுப்புகிறார். திருத்தமா கேட்டேன்?

இதிலிருந்து கழன்றுவிடலாம் என்றுதான் அன்று சாயந்திரம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். உனக்கு எதுக்கு இதெல்லாம் என்பார், அதையே சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் என் வாயை இரண்டு தடவை பார்த்தார்.

"என்னாது? நீ கத்தப் போறியா?"

தலையை ஆட்டினேன்.

"எல்லார் முன்னாலயுமா?"

மறுபடியும் ஆட்டினேன். அவர் முகத்தில் இரண்டு வருஷமாகக் காணாத ஒரு குறும்பு வந்தது.

"அப்ப நானும் வரன். இதப் பாக்காம ஊட்டுல குந்திக்கினு இருப்பனா?"

போச்சு. கத்தாமல் வந்தால் ஊர் சிரிக்கும், அது பரவாயில்லை, ஊருக்கு நான் யார்? ஆனால் இந்த மனுஷன் வெளியே வருகிறேன் என்று சொன்னதே இதற்காகத்தான். நான் அங்கே போய் ஊமையாக நின்றால், "பாத்தியா, இதுக்குத்தான் நான் வரலன்னன்" என்று திரும்ப ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எந்தக் கொம்பு ஊதினாலும் எழுப்ப முடியாது.

கத்திப் பழக வேண்டும் என்று முடிவு பண்ணினேன். எங்கே பழகுவது? லைனில் இப்போதும் நைட் ஷிப்ட் பையன்கள் இருக்கிறார்கள், துண்டு தொங்கத்தான் செய்கிறது. மொட்டை மாடியில் போய் நின்றேன், எதிர் மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், வணக்கம் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். கடைசியில் காலையில் கால்நடைப் பண்ணை வேலிப்பக்கம் நடந்து போனேன். பெரிய வெட்டவெளி. தூரத்தில் மாடுகள். அதுகள் போய் யாரிடமும் சொல்லாது.

சுற்றிலும் பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஓ..." என்றேன். பல்வலிக்காரி முனகுகிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை. கொஞ்சம் தேவலை. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து இழுத்து "ஓ..." என்று விட்டேன்.

"ஏனம்மா, யார்ன கரீதிதீரா?"

வேலியோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார். யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்கிறார். எபிரெய பாஷையில் ஒரு வார்த்தை இருக்கிறது என்று இவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாடு... மாட்டக் காணோம்."

"அய்யய்யோ! என்ன கலர் அம்மா?"

"செவலை."

"கொம்பு?"

"ஒண்ணு உடைஞ்சிருக்கும்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பொய் சொல்ல ஆரம்பித்தால் அதற்குக் கொம்பு முளைக்கிறது, அதையும் நாமே உடைக்க வேண்டியிருக்கிறது.

நல்ல மனுஷன். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்கம்மா, பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். இல்லாத மாட்டைத் தேடி ஒரு மணி நேரம் நடந்தோம். வழியில் வந்தவர்களிடமெல்லாம் கன்னடத்திலும் தெலுங்கிலும் விசாரித்தார். அவர் கூப்பிட்ட குரல் இருக்கிறதே, அந்தக் கோடிவரைக்கும் கேட்டிருக்கும். நான் பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு போனேன். கடைசியில், "கவலப்படாதீங்கம்மா, உங்க ஹசு கிடைச்சா நானே வீட்டுக்கு ஓட்டியாறேன், வீடு எங்க?" என்றார். அதையும் சொல்லித் தொலைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் நிஜமாகவே ஒரு செவலை மாட்டோடு வந்து எங்கள் லைன் முன்னால் நின்றார். கொம்பு இரண்டும் நன்றாகத்தான் இருந்தது. "கொம்பு உடைஞ்சதுன்னு சொன்னீங்க, இது இல்லைன்னுதான் நெனக்கிறேன், ஆனாலும் ஒருவாட்டி பாத்துடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் வெளியே வந்து மாட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. விஷயம் தெரிந்த மதுரைக்காரிதான் இடையில் வந்து, "அண்ணே, மாடு கிடைச்சிருச்சுண்ணே, நேத்தே வந்துருச்சு" என்று அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள். மாடு எந்தப் பாவப்பட்ட ஜன்மத்துடையதோ, அதையும் கூடவே அனுப்பினோம்.

அத்தோடு என் பயிற்சி முடிந்தது.

கல் வைக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. டவுன் பஸ்ஸில் போனோம். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காது மிஷினை வீட்டிலேயே வைத்துவிட்டார். நிலத்தில் குழி தோண்டி, நாலு மூலையிலும் கயிறு கட்டி, ஒரு ஷாமியானா போட்டிருந்தார்கள். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் எதிர்ப்பக்கம், நடுவில் குழி. இவர் ஆண்கள் கூட்டத்தில் முன்வரிசையில் எனக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு பாடினார்கள். பாஸ்டர் ஜெபித்தார். கொத்தனார் கல்லை இறக்கிக் கலவை பூசினார். பாஸ்டர் என் பக்கம் திரும்பி, "இப்ப நம்ம தாயார்" என்று கையைக் காட்டினார்.

எல்லாக் கண்ணும் என்மேல். ஒரு லாரி போய் முடியட்டும் என்று காத்திருந்தேன், போயிற்று. இன்னொன்று வராதா என்று பார்த்தேன், வரவில்லை. ஆண்டவரே என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். நன்றாகவே திறந்தேன், ஒரு முழு இட்லி போகிற அளவுக்கு. காற்று வந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. மூடினால் எல்லாம் முடிந்தது என்று தெரியும், அதனால் திறந்தபடியே நின்றேன்.

"ஹேய்ய்ய்ய்... ஓ... ஓ... ஓ!"

எதிரே என் வீட்டுக்காரர். இரண்டு கையும் இடுப்புக்கு முன்னால் எதையோ தள்ளுகிற மாதிரி நீட்டியிருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. ரொம்ப நாளாக உரக்கப் பேசாத குரல், நாலைந்து துண்டாக உடைந்து உடைந்து வந்தது. பந்தலே அதிர்ந்தது. ஒரு நொடிக்கு யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் பாஸ்டர் பிடித்துக்கொண்டார், ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ரோட்டில் போன ஒரு பஸ் நின்றே விட்டது. பாஸ்டர் சொன்ன கொம்பு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அந்தக் களேபரத்தில் எனக்குத் தோன்றியது. என் வாய் இன்னும் திறந்துதான் இருந்தது.

மதுரைக்காரி என் காதோரம் குனிந்தாள். "யக்கா, உன் தொண்டைக்குள்ள ஒரு ஆம்பள இருக்காரு போல."

ஆனால் பெண்களில் அவளைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பின்னாலும் பக்கவாட்டிலும் நின்றவர்களுக்கு என் முகம் தெரியாது, அந்தச் சத்தத்துக்குள் என்னுடையதும் இருந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். வந்து கையைப் பிடித்து, "நல்லாக் குடுத்தீங்கம்மா" என்றார்கள். ஆண்கள் பக்கத்தில் இவரைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவர் முதுகில் தட்டினார். பழைய பிரஸ் ஷாப் ஆள் ஒருவர் வாயை அசைத்து ஏதோ சொல்ல, இவர் சிரித்தார். பொங்கல் சாப்பிட எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே சொன்னார்.

"எங்க ஷாப்புல டை, அதான் மிஷினோட இரும்பு அச்சு, மாத்துறப்ப பத்துப் பேர் சேர்ந்து தள்ளுவோம். முன்னால எங்களப் பாத்து நிக்கறவன் வாயத் தொறந்தா பின்னால இருக்கறவன் அத்தினி பேரும் கூடவே குரல் குடுக்கணும். ஒருத்தன் விட்டாலும் கால் மேல உழுந்துரும். காது கேட்டுக்கினா குடுத்தோம்? நீ தொறந்த, நான் குடுத்தன்." பிறகு, "மொத சத்தம் உன்னதுதான். அத்தினி பேருக்கும் கேட்டிருக்கும். எனக்குத்தான் குடுத்து வக்கல" என்றார்.

நான் கத்தவில்லை என்று சொல்லிவிடலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பஸ் வருகிறது என்று சொன்னேன். பஸ் வரவில்லை. இதுவும் ஒரு பொய்தான், மாட்டுக்கு அடுத்தது.

பாஸ்டரிடம் மட்டும் அடுத்த புதன்கிழமை தனியாகப் போய்ச் சொன்னேன். அந்த முதல் சத்தம் என்னுடையதில்லை, கணக்கில் சேராது என்றேன். அவர் மூன்று தடவை "என்னம்மா?" என்று குனிந்து கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது. தலையைச் சொறிந்தார். "அந்த வார்த்தை வேதத்துல வர்ற இடத்துல எல்லாம் ஜனங்க போட்டாங்கன்னுதான் அநேகமா இருக்கு. யாரு முதல்ல போட்டாங்கன்னு எழுதி வைக்கலையே. நாமளும் எழுதி வைக்க வேண்டாம்" என்றார். பிறகு, கூரை போடுகிற அன்றைக்கும் நீங்கள்தான் என்றார். அதனால் சபையார் எல்லாரும் கட்டடம் சீக்கிரம் எழும்ப வேண்டும் என்று ஜெபிக்கும்போது, நான் மட்டும் ஆண்டவரே, உமக்கு வசதிப்பட்டபோது எழும்பட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர் இப்போது எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். நான் எழுந்திருக்குமுன் சவரம் பண்ணிக்கொண்டு கிளம்பி நிற்கிறார். பிரசங்கம் கேட்காது. சும்மா உட்கார்ந்து எல்லாருடைய முகத்தையும் பார்ப்பார், அது அவருக்குப் போதுமாம். ஜெபம் எப்போது முடிகிறது என்று மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஆண்கள் வரிசையிலிருந்து கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். நான் ஆமென் சொல்கிறபோது அவரும் சொல்வார். அவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே என்று நானும் வாயை நன்றாகத் திறந்து, ஆ என்று இழுத்து, மென் என்று மூடுகிறேன். மதுரைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடிக்கிறாள்.

"கொட்டாவி விடுற மாதிரியே இருக்குக்கா. பாஸ்டரு பாத்தா மனசு ஒடஞ்சு போயிருவாரு."